இரும்புப் பாறையின் கயிற்றுக்காரி

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் நம் தொழிற்சாலைக் குடியிருப்பு வரிசையில் எல்லா வீடுகளிலும் பள்ளிப் புத்தகங்களின் அட்டைகளைக் கிழித்து அடுப்பில் போட்டார்கள். உங்களுக்கு நினைவிருக்கும். சரித்திரம், பூகோளம், கணக்கு, ஒன்றையும் விடவில்லை. லேபிளில் அழகாகப் பெயர் எழுதி வைத்திருந்தவர்கள் அழுதார்கள். புகை மூக்கில் ஏறிக் கண்ணைக் கரித்தது. ஏன் என்று கேட்டவர்களுக்கு முதுகில் ஒன்று விழுந்தது.

போன மாதம் அம்பத்தூர் பஸ் ஸ்டாண்டில் நம் வரிசையின் கடைசி வீட்டுப் பெண்ணைப் பார்த்தேன். இடுப்பில் குழந்தை. பேச்சோடு பேச்சாக, "அன்னிக்கு எதுக்குடி அட்டையெல்லாம் கிழிச்சாங்க? எங்கம்மா சாகற வரைக்கும் சொல்லவேயில்ல" என்றாள். பதில் சொல்வதற்குள் அவளுடைய பஸ் வந்துவிட்டது. அவளுக்குச் சொல்லாமல் போனதைத்தான் உங்கள் எல்லோருக்கும் எழுதுகிறேன். இருபத்து நாலு வயதில் பழைய கதை எழுத உட்கார்ந்துவிட்டாளே என்று சிரியுங்கள், பரவாயில்லை.

காரணம் நான். நானும் பதினோரு தாள்களும்.

தொழிற்சாலையின் பெயரை எழுதப்போவதில்லை. ஆவடிப் பக்கம் என்பது போதும். உள்ளே என்ன செய்கிறார்கள் என்று நமக்குத் தெரியாது. கேட்கக் கூடாது என்பது மட்டும் தெரியும். என் அப்பா அங்கே வரைபடங்களுக்கு நகல் எடுக்கும் அறையில் இருந்தார். அப்பா வாசலில் செருப்பை விடுவதற்கு முன்பே அவர் சட்டையின் அம்மோனியா நெடி உள்ளே வந்துவிடும். எனக்கு அது அப்பாவின் வாசனை. இன்றைக்கும் என் அலுவலகத்தில் நகல் அறைக் கதவைத் திறந்தால் ஒரு கணம் பத்து வயதாகிவிடுகிறது.

நகல் சில நேரம் கெட்டுப்போகும். விளக்கு வெளிச்சம் கூடினால் கோடுகள் வெளுத்துவிடும். கெட்ட தாளை மதிலோரத்துக் குழியில் போட்டு எரிக்க வேண்டும் என்பது விதி. எரிப்பதற்கு முன் அப்பா பத்துப் பன்னிரண்டைச் சுருட்டிச் சாப்பாட்டுப் பையில் வைத்துக்கொள்வார். அவர் அதைத் திருட்டாக நினைக்கவில்லை, மற்றவர்களும் நினைக்கவில்லை. நல்ல கெட்டித் தாள். ஒரு பக்கம் ஊதாக் கோடுகள், மறுபக்கம் வெறும் வெள்ளை. நம் எல்லோருடைய புத்தகங்களுக்கும் அதுதான் அட்டை. கேட்டில் காவல் நிற்பவரின் மகனுடைய புத்தகத்துக்கும் அதுதான்.

அந்தத் தாள்களில் ஒரு கட்டைக் கொண்டுபோய் எதிர்வீட்டு அக்காவிடம் கொடுத்தவள் நான்.

அக்காவை உங்களில் சிறியவர்களுக்கு நினைவிருக்காது. பதினெட்டு வயது. எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். அம்மா இறந்து நாலு வருடமாகிவிட்டதால் சமையல், தண்ணீர், துணி எல்லாம் அவள்தான். எல்லாம் முடிந்த பிறகு அரிசி புடைக்கும் முறத்தைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு அதன்மேல் எழுதுவாள். அவள் எழுத்தெல்லாம் முறத்தின் பின்னல்மேல் ஏறி இறங்கி நெளிந்துதான் இருக்கும்.

அவளுடைய அப்பாவை அவள் நைனா என்று கூப்பிட்டாள். நாமும் நைனா என்றோம். தொழிற்சாலையில் சங்கிலிக் கப்பி இழுக்கும் வேலை. அதற்கு முன் வெள்ளானூர்ப் பக்கம் கிணறு வெட்டிக்கொண்டிருந்தவர். பெரிய தோள்கள். உள்ளங்கையில் கயிறு ஓடிய தழும்பு வழவழவென்று மின்னும். தொட்டுப் பார்க்க விடுவார்.

அந்த ஆண்டுதான், விண்கலத்தை விட்டு ஒரு மனிதர் வெளியே வந்து மிதந்த படம் பத்திரிகையில் வந்தது. இடுப்பிலிருந்து ஒரு கயிறு கலத்துக்குள் போயிற்று. அக்கா அந்தப் பக்கத்தை நைனாவிடம் காட்டினாள். அவர் வெகு நேரம் பார்த்தார்.

"இன்னாம்மே இது, கெணத்துல எறங்கறவன் மாரியே கீறான்!"

"வானத்துல நைனா. அங்க காத்தே கெடையாது."

"அது இருக்கட்டும். உள்ள எவன் கயித்தப் புடிச்சிகினு கீறான்? அவன் படத்த ஏன் போடல?"

அக்கா சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். அந்தக் கேள்வியிலிருந்துதான் கதை வந்தது.

ஒரு வாரப் பத்திரிகை விஞ்ஞானக் கதைப் போட்டி வைத்திருந்தது. நிபந்தனைகளை அக்கா வெட்டிச் சுவரில் ஒட்டியிருந்தாள். தாளின் ஒரு பக்கம் மட்டுமே எழுத வேண்டும். கூப்பனை இணைக்க வேண்டும். கடைசித் தேதிக்குப் பின் வருபவை ஏற்கப்படா. முதல் நிபந்தனையை என்னைப் படிக்கச் சொன்னாள். படித்துவிட்டு நான் வீட்டுக்கு ஓடி அப்பாவின் தாள்களை எடுத்து வந்தேன். ஒரு பக்கம்தானே எழுத வேண்டும்? ஒரு பக்கம்தான் காலியாக இருக்கிறது. எனக்கு அது மிகச் சரியாகப் பொருந்தியதாகப் பட்டது. அக்காவுக்கும் பட்டது.

நைனா அவளுக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். அக்காவை அவளுடைய தாய்மாமனுக்குக் கொடுப்பதாகப் பேச்சு. அவர் கோலார்ப் பக்கம் தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தார். அக்காவைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். அக்காவுக்கு டீச்சர் டிரெய்னிங் போக ஆசை. தினமும் கேட்டுக் கேட்டு நைனாவைக் கரைத்திருந்தாள்.

"சரிம்மே. உங்கதை புக்குல வந்துச்சின்னா நீ டிரெய்னிங் போ. அது முடியற வரைக்கும் கல்யாணப் பேச்சே எடுக்க மாட்டேன். வரலன்னா, மாமன் ஊடுதான். அப்பறம் அழக்கூடாது."

"அழமாட்டேன் நைனா. வரும்."

அவளுக்கு அந்தக் கதை அவ்வளவு பெரியது. எனக்கும் அது தெரியும். பத்து வயதில் ஒரு விஷயம் முழுதாகத் தெரிந்திருந்தது என்றால் அது இதுதான்.

கதையின் பெயர் 'இரும்புப் பாறை'. செவ்வாய்க் கிரகத்துக்கும் வியாழனுக்கும் நடுவில் லட்சக்கணக்கான பாறைகள் சுற்றிக்கொண்டிருக்கின்றன என்று அவள் பள்ளியில் படித்திருந்தாள். இப்போது குறுங்கோள்கள் என்று எழுதுகிறார்கள். அவற்றில் ஒரு பாறை முழுக்க இரும்பு. அதை வெட்டி எடுத்துவர பட்டாபிராம் மைதானத்திலிருந்து ராக்கெட்டில் ஆறு பேர் கிளம்புகிறார்கள். ஒரு மேஸ்திரி, நாலு வெட்டுக்காரர்கள், கயிறு பிடிக்க ஒருத்தி. மூன்று வருடப் பயணம். அவர்கள் நம்மைப் போலவே பேசினார்கள். "மேஸ்திரி, இது இன்னா பாறை மேஸ்திரி? நான் ஒரு அடி அட்ச்சா அது என்னத் திருப்பித் தள்ளுது" என்று ஒருவன் கேட்பான். எடையில்லாத இடத்தில் சம்மட்டியால் அடித்தால் அடித்தவன்தான் பறந்துபோவான். ஆகவே ஒவ்வொருவன் இடுப்பிலும் கயிறு. கயிற்றின் மறுமுனை கலத்தின் வாசலில் உட்கார்ந்திருக்கும் கயிற்றுக்காரியிடம்.

காற்றில்லாத இடத்தில் கூப்பிட்டால் கேட்காது. அதற்கு நைனாவின் கிணற்று வழக்கத்தை அக்கா எடுத்துக்கொண்டாள். ஆழக் கிணற்றில் அடியில் நிற்பவன் கத்துவது மேலே குழம்பிக் கேட்குமாம். அதனால் கயிற்றை இழுப்பார்கள். ஒரு இழுப்பு, கூடையைத் தூக்கு. இரண்டு இழுப்பு, கயிற்றை இன்னும் விடு. மூன்று இழுப்பு, ஆளைத் தூக்கு. மூன்று இழுப்பு வந்தால் மேலே இருப்பவன் ஏன் என்று யோசிக்கக் கூடாது. தூக்க வேண்டும்.

"கயித்துக்காரி யாருக்கா?" என்று கேட்டேன்.

"நீதான்."

"நான் சின்னப் பொண்ணு."

"அதுக்குத்தான் நீ. சோறு கொஞ்சமாத் தின்னுவ. அங்க எடையே கெடையாதுடி. ஒத்தக் கையால மேஸ்திரியையே இழுத்துடலாம்."

அன்றிலிருந்து எனக்கு ஒரு வேலையும் வந்தது. மூன்று வருடத்துக்கு வேண்டிய சாமான்களின் பட்டியல் நான் போட வேண்டும். எனக்கு அப்போதே பட்டியல் பைத்தியம். கயிறு ஆறு, உபரிக் கயிறு ஆறு. உளி, சம்மட்டி, அரம். புழுங்கல் அரிசி, உப்பு, புளி. ஊறுகாய் ஜாடி எழுதி, எண்ணெய் மிதந்து வெளியே வந்துவிடும் என்று அடித்துவிட்டேன். கொசுவலை ஆறு.

"அங்க ஏதுடி கொசு?"

"கொசு இல்லாத எடம் இருக்குமா அக்கா?"

"இருக்கும். அதுக்குத்தான் போறோம்."

ஆடி மாதத்தில் சுரங்கத்து மாமா இரண்டு நாள் வந்து தங்கினார். மெலிந்தவர். மெதுவாகப் பேசுவார். நடுவில் இருமல் வந்தால் கையை உயர்த்தி நம்மைக் காத்திருக்கச் சொல்வார், வகுப்பில் விடை சொல்லக் கையைத் தூக்குபவர் மாதிரி. அக்கா அவர் எதிரில் முறத்தோடு உட்கார்ந்துவிட்டாள். உள்ளே எவ்வளவு சூடு மாமா? பாறையில் துளை போடும்போது தூசி எங்கே போகும்? விளக்கு அணைந்தால் எந்தப் பக்கம் வாசல் என்று எப்படித் தெரியும்? பயம் முதலில் எங்கே வரும், வயிற்றிலா காலிலா?

அவர் கடைசிக் கேள்விக்கு யோசித்துவிட்டு, "காதுல வரும்மா. பாறை சடசடன்னு பேசும். அது பேசறத நிறுத்திச்சின்னாதான் பயம்" என்றார். அக்கா அதை எழுதிக்கொண்டாள். சாப்பாட்டு நேரம் போய் விளக்கேற்றும் நேரம் வரை கேட்டாள். வாசலில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்த நைனா என் அம்மாவைப் பார்த்துக் கண்ணால் உள்ளே காட்டிச் சிரித்தார். அம்மாவும் சிரித்தாள். பெண்ணுக்குப் பிடித்துவிட்டது என்று இருவரும் முடிவு கட்டியது எனக்கு அப்போது புரியவில்லை. அக்காவுக்கும் புரியவில்லை. அவள் பாறை பேசுவதை எழுதிக்கொண்டிருந்தாள்.

பிறகு வடக்கே சண்டை வந்தது. ஜன்னல் கண்ணாடிகளில் கறுப்புத் தாள் ஒட்டினோம். விளையாட்டு மைதானத்தில் பள்ளம் தோண்டினார்கள். மழை பெய்து அதில் தவளைகள் வந்தன. பள்ளியில் சங்கு ஊதினால் பெஞ்சுக்கடியில் படுக்கப் பழக்கினார்கள். குடியிருப்பின் கேட்டில் எல்லோருடைய பைகளையும் திறந்து பார்க்க உத்தரவு வந்தது.

அக்கா கதையை முடித்தது அந்த வாரம். பதினோரு தாள். கடைசித் தேதிக்கு மூன்று நாள்தான் இருந்தது. தபாலாபீஸ் கேட்டுக்கு வெளியே. சண்டை நேரத்தில் பெண்பிள்ளை தனியாகப் போக வேண்டாம் என்று நைனா சொல்லிவிட்டார். அவருக்கோ இரட்டை ஷிப்ட். நான் தினமும் பள்ளிக்கு அந்த வழியாகத்தான் போகிறேன்.

"பத்திரமாக் கொண்டு போவியா?"

"நான் கயித்துக்காரி" என்றேன்.

கேட்டில் இருந்தவரை நாம் கேட் மாமா என்போம். வழக்கமாக என் பையை மேலோட்டமாகத் தட்டிவிட்டு, "பாம் கீம் வச்சிருக்கியா?" என்று கேட்டுச் சிரிப்பார். அன்றும் சிரித்தார். பையில் ஊதாக் கோட்டு அட்டை போட்ட என் ஆறு புத்தகங்களும் இருந்தன. அவற்றைத் தள்ளிவிட்டு நீளக் கவரை எடுத்தார். மேலே பட்டணத்து விலாசம்.

"இன்னா பாப்பா இது?"

"கதை மாமா. அக்கா எழுதினது."

கதையைப் பார்க்க வேண்டுமென்றுதான் பிரித்திருப்பார். அவர் பிரித்தபோது மேலே வந்தது மறுபக்கம். ஊதாக் கோடுகள், அம்புக்குறிகள், எண்கள், மூலையில் தொழிற்சாலை முத்திரை. அவர் முகத்திலிருந்த சிரிப்பு மறைந்தது. என்னைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், சாலையில் வேறு யாராவது பார்த்துவிட்டார்களா என்று பார்த்தார். என் புத்தகங்களின் அட்டையும் அதே தாள்தான். அதை அவர் ஒரு வருடமாகத் தினமும் பார்த்திருக்கிறார். விலாசம் எழுதிக் கவருக்குள் போட்டதும் அது வேறு பொருளாகிவிட்டது.

"மாமா, இன்னிக்குத் தபால்ல சேக்கணும். கடைசித் தேதி வந்துடுச்சு."

"நீ போ கண்ணு. ஸ்கூலுக்குப் போ."

"கவரு?"

"போன்னு சொல்றேன் இல்ல."

நான் பள்ளிக்குப் போனேன். வேறென்ன செய்திருக்க முடியும் என்று பதினான்கு வருடமாக யோசிக்கிறேன். அன்று எங்களுக்குப் பின்னம் நடத்தினார்கள். ஒன்றும் மண்டையில் ஏறவில்லை.

மறுநாள் சனிக்கிழமை மத்தியானம் நாலு பேரைக் காவல் அதிகாரியின் அறைக்குக் கூப்பிட்டார்கள். அக்கா, நைனா, அப்பா, நான். கிளம்புமுன் அம்மா என் இரண்டு தோளையும் பிடித்துச் சுவரோடு வைத்து, "யாரு பேப்பர் குடுத்தாங்கன்னு கேட்டா தெரியாதுன்னு சொல்லு. வேற வார்த்தை வந்துச்சு, அப்பாவுக்கு வேலை போயிடும். நாம தெருவுல நிப்போம்" என்றாள். பின்னால் அப்பா சட்டையின் பித்தான்களை மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தார்.

அதிகாரி கொடுமைக்காரர் இல்லை. என்னை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். மேஜைமேல் பதினோரு தாளும் கோடுகள் மேலே தெரியக் கிடந்தன.

"பாப்பா, இந்தப் பேப்பர் யார் கொடுத்தது?"

"தெரியாது."

அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எரிக்கிற குழிலேர்ந்து காத்துல பறந்து வந்துச்சு சார்" என்றாள் அக்கா. "எங்க ஊட்டாண்ட. நான்தான் பொறுக்கி வச்சேன்."

"பறந்து வந்த பேப்பர் ஒரு கசங்கல்கூட இல்லாமல் இருக்குமா?"

அவர் தாள்களைத் திருப்பினார். கதை முழுவதையும் படித்திருந்தார்; சில வரிகளின் கீழ் சிவப்புப் பென்சில் கோடு. "ஒன்று, இரண்டு, மூன்று என்று வருகிறதே, கயிற்றை இழுப்பது. இது என்ன சங்கேதம்? யாருக்கு?"

நைனாவுக்கு அந்த அறையில் முதல்முறையாகத் தனக்குத் தெரிந்த விஷயம் ஒன்று வந்தது. எழுந்துவிட்டார்.

"ஐயா, இது கெணறு வெட்றவன் எல்லாருக்கும் தெரியும் ஐயா. காட்றேன் பாரு." தோளிலிருந்த துண்டை உருவி ஒரு முனையை என் அப்பாவிடம் நீட்டினார். "நீ புடிண்ணா. நீ மேல கீற. நான் உள்ள கீறேன்."

அப்பா பிடித்தார். நைனா தரையில் குந்தி உட்கார்ந்தார். "ஒண்ணு. கூடையத் தூக்கு." ஒரு இழுப்பு. "ரெண்டு. கயித்த வுடு." இரண்டு இழுப்பு. "மூணு. என்னத் தூக்குறா!" மூன்றாவது இழுப்பில் துண்டு அப்பாவின் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. மூலையில் எழுதிக்கொண்டிருந்த குமாஸ்தா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அப்பா குனிந்து துண்டை எடுத்து, தூசி தட்டி, நைனாவிடம் கொடுத்தார். யார் முகத்தையும் பார்க்கவில்லை.

அதிகாரி சிவப்புப் பென்சிலைக் கீழே வைத்தார். "எனக்கே தெரிகிறது, இது கதைதான். ஆனால் சண்டை நேரம். கேட்டில் பிடித்துப் பதிவு செய்தாகிவிட்டது. ஒன்று செய்யலாம். பெண் இந்தக் குடியிருப்பிலேயே இல்லை, கல்யாணமாகி வெளியூர் போய்விட்டாள் என்றால் நான் ஃபைலை மூடிவிடுவேன். உன் வேலைக்கும் ஆபத்தில்லை."

நைனா இரண்டு கையையும் தலைக்குமேல் குவித்துக் கும்பிட்டார்.

"என் கதை சார்?" என்றாள் அக்கா.

"அது ஃபைலில் இருக்கும்மா."

அன்று சாயங்காலம்தான் செய்தி வீடு வீடாகப் போனது. ஒவ்வோர் அம்மாவும் கதவைச் சாத்திக்கொண்டு அட்டைகளைக் கிழித்தாள். நம் வரிசை முழுக்க ஒரே நெடி. எங்கள் வீட்டில் அப்பாவே உட்கார்ந்து ஒவ்வொன்றாக அடுப்பில் வைத்தார். அவரிடமிருந்து வழக்கமாக வரும் வாசனைதான், கருகிப்போய்.

மூன்று வாரத்தில் அக்காவுக்குக் கல்யாணம். "புடிச்சிதான கீது. அன்னிக்கு அவனாண்ட வெளக்கு வெக்கிற வரைக்கும் பேசினுருந்தாளே" என்று நைனா எல்லோரிடமும் சொன்னார். நம்பித்தான் சொன்னார். கல்யாணத்துக்கு முந்தின நாள் நலங்கு வைத்திருந்த முகத்தோடு அக்கா என்னிடம், "நான் சொரங்கத்தப் பத்திதான்டி கேட்டேன். அவரப் பத்தி ஒரு கேள்விகூடக் கேக்கல" என்றாள். அழவில்லை. அழமாட்டேன் என்று நைனாவுக்குச் சொல்லியிருந்தாள்.

நகல் எடுப்பவரின் மகள் நான். அந்தக் கதைக்கு மட்டும் நகல் இல்லை.

நான் பிறகு பாலிடெக்னிக்கில் டிப்ளமோ படித்தேன். அப்பா ஓய்வு பெற்று வீட்டைக் காலி செய்தபோது டிரங்குப் பெட்டியின் அடியில் விரித்திருந்த ஒரு தாள் கிடைத்தது. அன்று அடுப்புக்குத் தப்பிய ஒரே தாள். ஒரு பக்கம் என் பத்து வயதுக் கையெழுத்தில் சாமான் பட்டியல், கொசுவலை வரைக்கும். அக்கா எழுதிய பதினொன்றோடு ஒரே கட்டில் வந்த பன்னிரண்டாவது. அப்பாவின் இயந்திரத்தில் ஒரு வரைபடம் கெட்டால் அதன் பிரதிகள் மொத்தமும் கெடும். ஆகவே பன்னிரண்டும் ஒரே படம். நான் திருப்பிப் பார்த்தேன். இப்போது எனக்குப் படிக்கத் தெரியும். மேல்தோற்றம், பக்கத் தோற்றம், வெட்டுத் தோற்றம். ஒன்பது குழாய்கள், ஒரு வடிகால், சிமெண்டுப் பூச்சின் கனம்.

சாப்பாட்டுக் கூடத்துக்கு வெளியே கை கழுவும் தொட்டி.

அப்பாவிடம் காட்டினேன். "தொட்டிப்பா. கை கழுவற தொட்டி." அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளை வெளிச்சத்தில் பிடித்தார். "கோடு தெளிவா விழுந்திருக்கான்னு மட்டும்தான்மா எனக்குப் பாக்கத் தெரியும்" என்றார். தாளை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். அன்று காவல் அதிகாரியின் அறையில் இருந்த ஆறு பேரில் ஒருவருக்காவது வரைபடம் படிக்கத் தெரிந்திருந்தால், அல்லது தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டுக் கேட்டிருந்தால்! முத்திரையைப் பார்த்தார்கள். படத்தை ஒருவரும் பார்க்கவில்லை.

சுரங்கத்து மாமா இறந்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். நைனாவும் போய்விட்டார். அக்காவின் பழைய விலாசத்துக்கு நான் எழுதிய மூன்று கடிதங்களும் திரும்பி வந்தன. அக்கா எங்கே இருக்கிறாள் என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

இன்னும் ஒன்று பாக்கி. இதை நான் அப்பாவிடமும் சொன்னதில்லை.

அக்கா ரயிலேறியபோது வழியனுப்ப நாம் எல்லோரும் ஆவடி ஸ்டேஷனுக்குப் போனோம். காலை வண்டி. ஜன்னலோரம் அக்கா, பக்கத்தில் மாமா, மேலே ஒரு புது டிரங்குப் பெட்டி. அம்மா அவளுக்குப் பூ வாங்கிக் கொடுத்தாள். நைனா கம்பியைப் பிடித்துக்கொண்டு, தண்ணீர் பார்த்துக் குடி, கதவோரம் நிற்காதே என்று சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தார். என்னைக் கிட்டே வரச்சொல்லி அக்கா ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினாள். தலையைத் தடவப்போகிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவள் என் பின்னலைப் பிடித்தாள்.

ஒரு இழுப்பு. இரண்டு. மூன்று.

முகத்தில் சிரிப்பு இருந்தது. கை மட்டும் பின்னலை விடவில்லை. அந்தப் பிளாட்ஃபாரத்தில் இருந்த அவ்வளவு பேரில் இழுப்பின் அர்த்தம் தெரிந்தவர்கள் மூன்று பேர். நைனா மாமாவிடம் பேசிக்கொண்டிருந்தார். அப்பா எனக்குப் பின்னால் நின்றார். பார்த்தாரா என்று தெரியாது. மூன்றாவது ஆள் நான். மூன்று இழுப்பு வந்தால் ஏன் என்று யோசிக்கக் கூடாது. தூக்க வேண்டும்.

வண்டி ஊதியது. பின்னல் அவள் கையிலிருந்து தானாக நழுவியது. ரிப்பன் அவளோடு போயிற்று.

"அக்காவுக்கு டாட்டா காட்டு" என்றாள் அம்மா.

காட்டினேன்.